லிமிட்டுக்கு வெளியே

பக்கத்து ஊர் கோர்ட்டில் சாட்சி சொல்லும் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. அடுத்த ரயிலைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். அதற்குள் நரைக்கு ஒரு டை அடித்துக்கொள்வோமே என்று, ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பியூட்டி பார்லருக்குள் நுழைந்தார் அந்தப் பெண் இன்ஸ்பெக்டர்.

டை பூசி முடித்த பார்லர்காரி, "காயற வரைக்கும் தலையை ஆட்டாதீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

"கறுப்பு உங்களுக்கு எடுப்பா இருக்கும் மேடம்" என்றது பக்கத்து நாற்காலி.

திரும்பினால், சிரிப்புராணி. நகைக்கடைகளில் சிரித்துப் பேசியபடியே தங்க வளையலை எடுத்துக்கொண்டு கவரிங்கை வைத்துவிட்டுப் போகிறவள். ஆறு மாதமாகத் தேடியும் சிக்காதவள், இப்போது விரல்களை விரித்து நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நட ஸ்டேஷனுக்கு."

"எந்த ஸ்டேஷனுக்கு மேடம்? இது உங்க லிமிட் இல்லையே. இந்த ஊர் போலீஸ்தானே வரணும்?"

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். போன வருஷம் இப்படித்தான், உள்ளூர் போலீஸுக்குச் சொல்லாமல் வெளியூரில் ஒருவனை அமுக்கிக்கொண்டு வந்தார். கோர்ட் அவனை விட்டுவிட்டது. இவருக்கு மெமோ கிடைத்தது. இன்னொரு மெமோ வந்தால் பதவி உயர்வு அம்பேல்.

சத்தமில்லாமல் உள்ளூர் ஸ்டேஷனுக்கு மெசேஜ் தட்டினார். பதில் வந்தது: "பந்தோபஸ்தில் இருக்கிறோம். வர நேரமாகும். நகர விடாதீர்கள்."

குரலில் சர்க்கரையைக் கலந்துகொண்டார். "உனக்குக் குழந்தைங்க எத்தனைம்மா?"

"ரெண்டு மேடம். மூத்தவ வாயாடி, என்னை மாதிரி."

பேச்சு பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் கோபம், முழங்கால் வலி என்று வளர்ந்தது. ரயில் ஊதிக்கொண்டு புறப்பட்டுப் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டார். 'லிமிட் லிமிட்னு தெனாவெட்டா உட்கார்ந்திருக்கியா? இரு, வர்றாங்க' என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"தலையைக் கழுவிடலாமா மேடம்?" என்று பார்லர்காரி வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் காயட்டும்."

சிரிப்புராணியின் போன் அடித்தது. "வீட்டுக்காரர்" என்று இவரிடம் சொல்லிவிட்டு, அதில் பேசினாள். "இன்னும் காயலைங்க. அவசரப்படாம வேலையை முடிங்க."

அதன் பிறகும் நகப்பூச்சை இரண்டு தடவை அழித்து நிறம் மாற்றினாள். இவரும் பொறுமையாக நிறம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

ஒரு வழியாக உள்ளூர் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். சல்யூட் அடித்துவிட்டுத் தயங்கினார்.

"மேடம், இவங்க மேல இருந்த வாரன்ட் நேத்தே ரத்தாயிடுச்சு. ஜாமீன் கிடைச்சிருக்கு. உங்க ஸ்டேஷன்ல விசாரிச்சுட்டுத்தான் வர்றேன்."

"சொல்லலாம்னுதான் நினைச்சேன் மேடம். நீங்க ஆசையாப் பேசிட்டிருந்தீங்க, மனசு வரலை" என்ற சிரிப்புராணி, விரல்களை ஊதிக்கொண்டே வெளியேறினாள்.

பிசுபிசுத்த தலையோடு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தபோது, அவருடைய ஸ்டேஷன் ஏட்டு போனில் வந்தார்.

"மேடம், நம்ம லிமிட்ல பட்டப்பகல்ல ஒரு வீட்டுல திருட்டு. பீரோவையே வழிச்சுட்டுப் போயிட்டான்."

"யார் வீடு?"

ஏட்டு குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீடுதான் மேடம். எதிர்வீட்டம்மா பார்த்துட்டேதான் இருந்திருக்காங்க."

"பார்த்துட்டுச் சும்மாவா இருந்தாங்க?"

"உங்க சொந்தக்காரர்னு நினைச்சுட்டாங்களாம் மேடம். 'மேடத்துக்குத் தலை காய்ஞ்சிடுச்சா'ன்னு போன்ல கேட்டுக்கிட்டேதான் பூட்டைத் திறந்தானாம்."