கனமழை நாளில் காயும் துணி

"நீங்க மழைன்னு சொல்ற அன்னிக்குத்தான் நான் தைரியமா துணி காயப்போடுறேன்."

"சிரிக்காதடி. சாயங்காலம் திடீர் வெள்ளம் வரும்."

"ஆமா, கிழிச்சீங்க!"

வானிலை ஆய்வாளரின் மனைவி கடைசியாகச் சொன்னது அதுதான். அன்றைக்குத் தரைப்பாலத்தில் வெள்ளம் அவளை அடித்துக்கொண்டு போனது.

மூன்று வருஷமாயிற்று. அவர் கனமழை என்று அறிவிக்கும் நாளெல்லாம், பூட்டிய வீட்டின் மாடிக்கொடியில் அவள் துணிகள் காய்கின்றன. கிளிப்புகூடப் போட்டிருக்கும். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்து மடித்துவைப்பார்.

இன்று இடிமழை, வெள்ள அபாயம் என்று அறிவித்துவிட்டு வந்தார். கொடியில், அன்று அவள் உடுத்திப்போன பச்சை உடை சேறு சொட்டத் தொங்கியது.

எத்தனையோ முறை அவளிடம் சண்டை போட்டிருக்கிறார், ஒருமுறைகூடக் கெஞ்சியதில்லை. முதல் தூறல் விழுந்தது.

"கிண்டல் பண்ணினது போதும். இந்த ஒரு தடவை என்னை நம்பி உள்ள வந்துடேன்."