புகை நிற்கிற மருந்து

மொன்டானாவில் மறுநாள் வாத்து வேட்டைக் காலம் தொடங்குகிறது. கார் கொட்டகையில் காலித் தோட்டாக்களை அடுக்கி வைத்துவிட்டு, கருமருந்து என்கிற பழைய வகை வெடிமருந்து டப்பாவைத் திறந்தாள் வெல்டா.

"அது எதுக்கு அண்ணி? சுட்டா ஒரே புகை மூட்டமாயிடும், துப்பாக்கியும் துருப்பிடிக்கும்" என்றான் கொழுந்தன் ஆர்வில். "புது மருந்தைப் போடுங்க. புகையே வராது."

"எனக்குப் பழசுதான் வேணும்."

"அண்ணனே அதைத் தொடமாட்டாரே! 'துப்பாக்கியைக் கழுவ எனக்கேது நேரம்'னு சிரிப்பாரு."

"உங்க அண்ணனுக்கு எதுக்குத்தான் நேரம் இருந்துச்சு? காபியைக்கூட நின்னுக்கிட்டே குடிச்சிட்டு ஓடுற மனுஷன்."

"அப்புறம் என்ன பிடிவாதம்? யாரு கழுவுறதாம்?"

"நான் கழுவிக்கிறேன்."

மருந்தை அளந்து போட்டு, மேலே அட்டையை வைத்து அழுத்தினாள். ஆர்வில் ஈயக் குண்டுப் பையை நீட்டினான். வெல்டா அதை வாங்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கினாள். போன மாதம் தகனசாலையில் கொடுத்தனுப்பிய பெட்டி. அதிலிருந்து ஒரு கரண்டி சாம்பலை எடுத்துத் தோட்டாவுக்குள் மெல்லச் சரித்தாள்.

"நாளைக்கு அவரு வழக்கமா வேட்டைக்குப் போற ஏரிக்கரையில போய் இதைச் சுடப்போறேன், தம்பி. புது மருந்துன்னா கண்ணிமைக்கிறதுக்குள்ள போயிடுவாரு. இந்தத் தடவையாவது கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போகட்டுமே."