தானே எழும் பொம்மை

"சுடுறத நிறுத்துங்க சார்!"

மரிய அனிதா கத்திய கத்தில் மேஜர் கையைத் தூக்கினார். துப்பாக்கிகள் ஓய்ந்தன. சாக்கோட்டைக்கு அப்பால் அந்தச் செம்மண் பொட்டலில் புகை மட்டும் நின்றது.

கம்பெனி முதலாளி சத்தியமூர்த்திக்கு முகம் கறுத்தது. ஜீப்பில் வரும்போதே அவளிடம் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார்: "என்ன ஆனாலும் நீ நிறுத்தச் சொல்லிறக் கூடாது. ஆர்டர் போயிரும்."

பட்டாளத்துச் சுடும் பயிற்சிக்கான தானியங்கிப் பொம்மை அது. கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்கினால், தூரத்துக் குழியிலிருந்து எழும், உடனே பதுங்கும். வடிவமைத்தவள் அனிதா. வீட்டிலேயே முதல் பட்டதாரி. இது முதல் வேலை.

"நல்லாத்தானேம்மா வேலை செய்யுது?" என்றார் மேஜர். "நிஜ ஆள் மாதிரியே தயங்கித் தயங்கி எந்திரிக்குது."

"வெடிச்சத்தத்துக்கு மிரண்டுருச்சு சார்," சத்தியமூர்த்தி சிரித்தார். "களையெடுத்த குடும்பம். படிச்சிட்டா தைரியம் வந்துருமா?"

"என் குடும்பத்தை இழுக்காதீக. போன வாரம் வரைக்கும் பொம்மை ஒரு தடவைகூட எந்திரிக்கலை. இன்னைக்கு மட்டும் எப்படி?"

"வெல்டர் மலையாண்டி சரி பண்ணிட்டு, குன்றக்குடிக்கு முடி எறக்கப் போயிருக்கான். நாளைக்கு வந்ததும் அவன்கிட்டயே கேளு. இன்னொரு வார்த்தை பேசுன, வேலை கிடையாது."

சொல்லிவிட்டு விசிலை உதட்டில் வைத்தார். ஜவான்களை உஷார்படுத்த ஒவ்வொரு சுற்றுக்கும் அவர்தான் ஊதிக்கொண்டிருந்தார்.

அனிதா குழியைப் பார்த்தாள். மெஷினுக்கென்று முழங்கால் ஆழம் வெட்டிய குழி. விளிம்பெல்லாம் குண்டு கிளறிய மண்.

"துப்பாக்கியை எல்லாம் தரையில வைக்கச் சொல்லுங்க சார். ஒரே நிமிசம்."

மேஜர் தலையசைத்தார். குழிக்குப் போகும் ஒயரை அனிதா கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி எறிந்தாள். சத்தியமூர்த்தியின் உதட்டிலிருந்த விசிலைப் பறித்து ஊதினாள்.

பொம்மை எழுந்தது.

விசிலையும் கம்பெனி அடையாள அட்டையையும் மேஜை மேல் வீசினாள். திரும்பிப் பார்க்காமல் குழியை நோக்கி நடந்தாள்.

"மலையாண்டிண்ணே, கயித்தை விட்டுட்டு மேல வாங்க, வீட்டுக்குப் போவோம்!"