தேதி போடாத அஞ்சலி

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, போஸ்டருக்கு வாசகம் எழுதுவதையே தொழிலாக்கிக்கொண்ட ஆன்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளை எதிரே உட்காரவைத்துப் பேசக் கேட்காமல் ஒரு வரியும் எழுதமாட்டாள். பசுமலை வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. அண்ணனுக்குக் கண்ணீர் அஞ்சலி கேட்டு வந்திருக்கும் ஜெயபாண்டி, அண்ணன் போட்டோவை நீட்டிவிட்டு வாசலையே பார்க்கிறான். கண்ணில் ஈரமில்லை. "எப்பத் தவறுனாரு தம்பி?" "தேதிய விட்டுட்டு எழுதுங்க டீச்சர், நாங்க போட்டுக்கிறோம்." பேனா தாளைத் தொடாமல் நிற்கிறது. "அண்ணன் உங்கள எப்படிக் கூப்பிடுவாரு?" "அம்புட்டுமா போஸ்டர்ல வரப்போகுது?" மேசையில் கிடக்கும் அவன் போன் அதிர்கிறது. போட்டோவில் இருக்கும் அதே முகம் திரையில் சிரிக்கிறது. ஆன்சி பேனாவை மூடுகிறாள். "எடுங்க தம்பி. எப்படிக் கூப்பிடுறாருன்னு நானும் கேக்குறேன்."