கெண்டைக்காலுக்கு ஒரு பாரம்

சேதுபதியின் குதிகால் சும்மா இருக்காது. பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சரி, குழாயடியில் பல் தேய்க்கும்போதும் சரி, ஏறும், இறங்கும். இதோ, இந்தச் சாயங்காலம் பஃபலோ ரோட்டு மாடி அறையில் லாசரஸுக்காகக் காத்து நிற்கும்போதும் அதே கூத்துதான்.

அடுத்த மாசம் ஹேப்பி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் ஆணழகன் போட்டி. மனுஷன் எப்படிச் சும்மா நிற்பான்?

போன வருஷம் மேடையேறி நெஞ்சை விரித்தபோது கூட்டமே அடேயப்பா என்றது. அப்போது பின்வரிசையிலிருந்து எவனோ ஒரு படுபாவி, "காலைப் பாருங்கடா, கொக்கு!" என்று கத்தித் தொலைத்தான். அதோடு சரி, சிரிப்பு அடங்கவே இல்லை.

துறைமுகத்தில் சிமெண்ட் மூட்டை சுமக்கிற உடம்பு. இடுப்புக்கு மேலே மலை மாதிரி இருப்பான். முழங்காலுக்குக் கீழே மட்டும் ஆண்டவன் கஞ்சத்தனம் பண்ணிவிட்டார். இந்த வருஷமும் சிரித்தார்களானால் கொக்கு என்ற பேர் சாகும்வரை போகாது.

நார்த் பிரிட்ஜ் ரோட்டில் ஒரு கடை. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் கெண்டைக்காலுக்கென்றே செய்த இரும்பு மெஷின் ஒன்று நிற்கிறது, சீமைச் சரக்கு. வேலை முடிந்து போய் அதைப் பார்த்துவிட்டு வருவான். விலையைக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

"அதுக்குப் போய் எவனாச்சும் காசைக் கொட்டுவானா? ரெண்டு குழாய், ஒரு பலகை. நானே செஞ்சு தர்றேன்" என்றான் லாசரஸ். வெல்டிங் பட்டறைக்காரன், கூட்டாளி.

வாங்குவதா, செய்வதா? ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

இத்தனை நாளும் அவனுக்கு மெஷின் அவன் பெண்டாட்டி முத்தாயிதான். செங்கல் விளிம்பில் முன்னங்காலை ஊன்றி, ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே அவன் இடுப்பின் மேல் ஏறி உட்காருவாள். அவளோடு சேர்த்து அவன் குதிகால் மேலே போகவேண்டும்.

முதல் நாள், "சரியா ஒரு சிமெண்ட் மூட்டை இருக்கேடி" என்று சொல்லிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். அன்றைக்குக் கொஞ்ச நேரத்திலேயே கெண்டைச் சதை வெட்டி இழுத்தது.

ஆறு மாசம் ஆகிறது. இப்போது அவள் உட்கார்ந்தால் உட்கார்ந்த மாதிரியே இல்லை.

"உன் பாரம் எனக்குப் பத்தலடி. காலு இரும்பாயிடுச்சு" என்று நேற்றுகூடத் தொடையைத் தட்டிக்கொண்டான். அவளும் சிரித்தாள்.

நூல் வைத்துக் காலை அளந்தால் மட்டும் முடிச்சு பழைய இடத்திலேயே வந்து நின்றது. நூல் நைந்து நீண்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிட்டான்.

சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. காலையில் முட்டை, சாயங்காலம் பாலில் அடித்த முட்டை, ராத்திரி ஈரல். அவன் கொண்டுவருகிற கூலியில் இதெல்லாம் எப்படிக் கட்டுப்படியாகிறது என்று அவன் கேட்டதே இல்லை. முத்தாயி சமர்த்து, அவ்வளவுதான். எப்போதாவது "நீ?" என்பான். "நான் அப்பவே சாப்பிட்டாச்சுங்க" என்பாள்.

லாசரஸ் மூச்சிரைக்க மாடியேறி வந்தான். தோளில் ஒரு சிமெண்ட் மூட்டை.

"முதல்ல இதை வச்சுப் பாப்போம். தங்கச்சி எடைன்னுதானே சொன்னே? இதுக்கு மேல எவ்வளவு தாங்குறேன்னு தெரிஞ்சா, அதுக்குத் தக்கபடி குழாயை வெட்டிடலாம்."

முத்தாயி பால் காய்ச்சக் கீழே அடுப்படிக்குப் போயிருந்தாள். சேதுபதி செங்கல்லில் ஏறிக் குனிந்தான். லாசரஸ் மூட்டையை இடுப்பின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டான்.

குதிகால் ஏறியது. இறங்கியது. இன்னும் கொஞ்சம் ஏறியது. அப்புறம் தொடை நடுங்க ஆரம்பித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. கெண்டைச் சதை வெட்டி இழுத்தது, முதல் நாள் இழுத்த அதே இடத்தில்.

"டேய், ரெண்டு மூட்டையா வச்சே?"

"ஒண்ணுதான் லா. நீயே பாரு."

நம்பாமல் நிமிர்ந்து மூட்டையை வாங்கித் தன் தோளில் போட்டுப் பார்த்தான். அந்தத் தோளை ஏமாற்ற முடியாது, தினமும் அதுதானே பிழைப்பு. ஒரே மூட்டைதான். நனைந்த மூட்டையும் இல்லை.

கால் பழைய கால்தான். மூட்டையும் பழைய மூட்டைதான்.

அப்படியென்றால்?

சேதுபதி மூட்டையை மெதுவாகக் கீழே வைத்தான்.

முத்தாயி வாசலில் வந்து நின்றாள். மரப்படி ஏறி வந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. கழன்று விழாமல் இருக்க வளையலை முழங்கைவரை ஏற்றிவிட்டிருந்தாள். கையில் பால் டம்ளர்.

"என்னப்பா, கடையில வாங்குறியா, நான் செய்யவா?" என்றான் லாசரஸ்.

சேதுபதி அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ சாப்பிட்டியா?"

"நான் அப்பவே சாப்பிட்டாச்சுங்க. ஆறிடும், குடிங்க."

அவன் டம்ளரை வாங்கி அவள் கையிலேயே திரும்ப வைத்து அழுத்தினான்.

"நீ குடி."

"ஐயோ, உங்களுக்கு அடிச்ச முட்டைங்க. போட்டி வருதே..."

"என் கண்ணு முன்னால குடி, முத்தாயி."

அவள் லாசரஸைப் பார்த்தாள், கூச்சமாக இருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு டம்ளரை வாயில் வைத்து அண்ணாந்தாள்.

மூச்சு விடாமல் குடித்தாள். குடித்து முடித்த பிறகும் டம்ளரை இறக்கவில்லை. அடியில் ஒட்டியிருந்த நுரைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.