ஒரே மெத்தை

முதலாளியம்மாவின் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில், அதே மெத்தையில், தன் மகள் புஷ்பராணி உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் ராசம்மா அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த வேப்பிலைக் கட்டை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

உண்மையில் அவள் சண்டை போடத்தான் வந்திருந்தாள். "ஓம் மகளுக்கு அம்மை போட்டிருக்காம்" என்று, முதலாளியின் மாத்தளைக் கடைக்கு மிளகு கொண்டுபோன பழனிமுத்து வந்து சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல நாளிலேயே அந்த வீட்டில் வேலைக்காரப் பிள்ளைக்குப் படுக்கை மிளகு மூட்டை அறையில்தான். அம்மை கண்ட பிள்ளை என்றால் கதவையும் சாத்தியிருப்பார்கள்.

மகளைக் கையோடு கூட்டிப்போய்விடுவதென்று கொழுந்து பறிக்கப் போகாமல் இரத்தோட்டையில் பஸ் ஏறினாள். செக்பாயின்டில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்து நேரத்தைக் கடத்தியபோது, வாயை அடக்கப் படாத பாடு பட்டாள்.

இங்கே பார்த்தால், கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய மகள், முதலாளி மகனோடு ஒரே தட்டில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறாள்!

"இப்ப என்னை வேலையே செய்ய விடுறதில்லம்மா. இவங்களோடதான் சாப்பாடு, இவங்களோடதான் தூக்கம்" என்றாள் புஷ்பராணி. "அம்மை வாறதுக்கு முந்தியே இந்தப் புதுச் சட்டையும் குடுத்தாங்க. பின்வீட்டுப் பாப்பா சுகமில்லாம படுத்திருக்கு, போய் அதோட வெளையாடிட்டு வான்னு அனுப்புனாங்க."

ராசம்மா சட்டைக் கையைத் தடவிப் பார்த்தாள். நல்ல துணி. போன தீபாவளிக்கு, "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரும்மா" என்று காலைக் கட்டிக்கொண்டு அழுத பிள்ளையா இது?

முதலாளியம்மா சந்திரகாந்தா தேத்தண்ணியோடு வந்தாள். அதுவும் தகரக் குவளையில் இல்லை, பூப்போட்ட கோப்பையில். கோப்பையைக் கொடுத்த கையோடு மகனின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள், பிறகு சின்னவளின் காதோரத்தைப் பார்த்தாள். பெற்ற மனம் பித்துத்தானே, எவ்வளவு பயந்து போயிருக்கிறாள் என்று ராசம்மாவுக்கு மனசு அடித்துக்கொண்டது.

"ஓங்க புள்ளைங்களுக்கு ஒட்டிக்குமேம்மா! நான் இவளக் கூட்டிக்கிட்டுப் போயிர்றேன்."

"ஐயோ, இப்பக் கூட்டிட்டுப் போயிராத!" என்றாள் சந்திரகாந்தா அவசரமாக. "இங்கயே இருக்கட்டும். நாங்க வித்தியாசம் பாக்கிற ஆளுங்க இல்ல."

பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்த முதலாளி சுந்தரலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கு ஊசி ஒண்ணு இருக்காம், கண்டியிலிருந்து எடுத்துத் தாறேன்னு டாக்டர் சொன்னார். நான் போட்ருவோம்னுதான் சொன்னேன். இவதான்..." என்று இழுத்தார்.

"ஊசி போட்டும் அந்த மாஸ்டர் வீட்டுப் புள்ளைக்கு வந்துச்சா இல்லியா?" என்று அவரை வெட்டினாள் சந்திரகாந்தா. "இந்தப் புள்ள பக்கத்துல அவதிப்படுது. எங்க புள்ளைங்களுக்கு மட்டும் ஊசியா? வாறது வரட்டும்."

சுந்தரலிங்கம் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ராசம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சடாரென்று சந்திரகாந்தாவின் காலில் விழுந்தாள். எழுந்து மகளைப் பார்த்து, "இந்த வீட்ட விட்டு வாறேன்னு இனிமே எங்கிட்ட அழுதுறாத. பெத்த நானே ஒன்ன இப்படிப் பாத்ததில்ல" என்றாள். புஷ்பராணி சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ராசம்மா நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். அடுத்தவர் பிள்ளைக்காக அவள் அங்கே கையேந்தியது அதுதான் முதல் தடவை.

"எம்மகளத் தொட்டது போதும் தாயி. அந்தப் புள்ளைங்க ரெண்டு மேலயும் ஓங்கை படக்கூடாது. வாற மாசிக்கு நான் தீச்சட்டி எடுக்கிறேன்."

பிள்ளைகளுக்குப் பூசிவிட்டுப் போகலாமென்று, வாங்கிய திருநீற்றைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். வழக்கம்போல வீட்டைச் சுற்றிச் சமையல் குசினி வாசலுக்குப் போனாள். உள்ளே சந்திரகாந்தா, மகனை முன்னால் நிறுத்திச் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி, கடைக்குப் போன் பேசிக்கொண்டிருந்தாள். அவள் குரல் நடுங்கியது.

"ஆமாங்க, ரெண்டு பேருக்குமே! இவனுக்கு முதுகுல, சின்னவளுக்குக் காதோரத்துல. இப்பத்தான் பாத்தேன்."

தன் மகளால்தானே வந்தது? இந்த மகராசிக்கு இனி எந்த முகத்தைக் காட்டுவது? ராசம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

உள்ளே சந்திரகாந்தா சிரித்தாள்.

"ஊசி ஊசின்னு குதிச்சீங்களே! தானா வந்து போனா ஆயுசுக்கும் பயமில்லன்னு நான் சொன்னேன்ல? அவளைப் பின்வீட்டுக்கு அனுப்பி அம்மைய வாங்கிட்டு வர வச்சது வீண்போகல. இனி அவ படுக்கைய மிளகு ரூமுக்கே மாத்திர்றேன்."