மிஸ்ஸுக்குத் தெரியாத பேச்சு

பையன் எழுந்து நின்றுவிட்டான்.

அவள் கரும்பலகையில் பூனைப் படம் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். எலோய். ஐந்து வயது. முழங்கால்களைச் சேர்த்து இடுக்கிக்கொண்டு நிற்கிறான்.

"மிஸ், ஒண்ணுக்கு வருது."

ஸ்பானிஷில் சொன்னான். அவனுக்கு வேறு எதில் சொல்லத் தெரியும்?

கடைசி பெஞ்சில் மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில் இருந்தது. இந்த வகுப்பை நடத்தலாமா, மூடலாமா என்று முடிவு செய்ய வந்தவர்.

அது ஐம்பதுகள். தெற்கு டெக்சாஸில் ஒரு பருத்தி ஊர். மெக்சிகோக்காரர்களின் பிள்ளைகளுக்கு அதுவரை தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். இங்கிலீஷ் வரவில்லை என்று ஒன்றாம் வகுப்பிலேயே வருஷக்கணக்கில் உட்காரவைப்பார்கள். பெற்றவர்கள் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். வக்கீல் வைத்தார்கள். பெரிய பள்ளிக்கூடத்தின் வாசலில் வெயிலில் நின்றார்கள். நின்றவர்களுக்குப் பருத்திக்காட்டில் இனி வேலை இல்லை என்று சொல்லப்பட்டது.

அப்படியும் நின்றார்கள்.

கடைசியில் ஓர் அறை கிடைத்தது. ஒன்றாம் வகுப்புக்கு முன்னால் சின்னப் பிள்ளைகள் இங்கிலீஷ் பழக ஓர் அறை. தங்கள் ஜனத்திலிருந்தே ஒரு டீச்சர். ஒஃபீலியாவை சான் அன்டோனியோவிலிருந்து வரவழைத்தார்கள்.

நிபந்தனை ஒன்றுதான். அந்தச் சுவர்களுக்குள் ஸ்பானிஷ் கூடாது. டீச்சரே அதற்கு இடம் கொடுத்தால் அன்றோடு அறை பூட்டப்படும்.

"இன் இங்கிலீஷ், எலோய்," என்றாள்.

பையன் அவள் வாயையே பார்த்தான். வெளியே போகக் கேட்கும் வாக்கியத்தை நேற்று திரும்பத் திரும்பச் சொன்னவன்தான்.

"மே ஐ..."

நின்றுபோயிற்று.

"மே ஐ..."

போ என்று தலையை அசைத்தால் போதும். அசைத்தால், அவன் பேச்சுக்குப் பதில் சொன்னதாகிவிடும். மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"மிஸ், வந்துடும் மிஸ்." குரல் உடைந்தது. அதுவும் ஸ்பானிஷ்தான்.

அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பூனைக்கு மீசை வரைந்தாள். ஒவ்வொரு மயிராக.

பின்னால், மரத்தரையில் சொட்டும் சத்தம்.

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

போகும்போது மேற்பார்வையாளர் அவள் கையைக் குலுக்கினார். "வெரி குட், மிஸ்." அடுத்த வருஷமும் வகுப்பு உண்டு என்றார்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தோமாசா வந்தாள். எலோயின் அம்மா. அன்று வெயிலில் நின்றவர்களில் முன்வரிசைக்காரி. அவள் புருஷனை இன்றுவரை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது ஒஃபீலியாவுக்கும் தெரியும்.

பையன் அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றான்.

சுற்றிலும் யாருமில்லை. ஒஃபீலியா பேச வாயெடுத்தாள். ஸ்பானிஷில்தான்.

அதற்குள் தோமாசா முந்திக்கொண்டாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும்.

"மை பாய்... சாரி, மிஸ். டுமாரோ... குட் பாய்."

அவ்வளவுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

இப்போது ஸ்பானிஷில் வாய் திறந்தால், காலையிலும் புரிந்திருந்தது என்று ஆகிவிடும். பாவாடை மடிப்பிலிருந்து ஒரு கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இட்ஸ் ஓகே," என்றாள் ஒஃபீலியா.

தோமாசா தலையைத் தாழ்த்தி விடைபெற்றாள். படியிறங்கும்போது மகனிடம் ஸ்பானிஷில் சொன்னாள். குரலைக்கூடத் தணிக்கவில்லை.

"நீ சொன்னது நெசந்தான்டா. மிஸ்ஸுக்கு நம்ம பேச்சு தெரியல. பாவம், அவங்கம்மா சொல்லிக் கொடுக்காமலே விட்டுட்டாங்க போல."

பையன் திரும்பிப் பார்த்தான்.

ஒஃபீலியா சிரித்தாள். கையை அசைத்தாள். எதுவும் புரியாதவள் போல.